சபைக்கு மூப்பர்களைத் தெரிந்தெடுக்கும்போது உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆலமரத்தடி எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். 90 குடும்பங்கள் உள்ள ஒரு சுயாதீன சபைக்காகக் கேட்கிறேன். இதுவரை ஒரே போதகர். பிரசங்கம், வீடு சந்திப்பு, வரவுசெலவு எல்லாம் அவர் தலையில்தான். இப்போது அவரே முன்வந்து நான்கு மூப்பர்களை ஏற்படுத்தலாம் என்கிறார். பேச்சில் அடிபடும் பெயர்கள் நன்றாக ஜெபிக்கிறவர்கள், நன்றாகப் பாடுகிறவர்கள், கட்டட நிதிக்கு அதிகம் கொடுத்தவர்கள். 1 தீமோத்தேயு 3, தீத்து 1 இரண்டையும் எல்லாரும் வாசித்தாயிற்று. அங்கே சொன்ன குணங்களை ஒருவரிடம் நடைமுறையில் எப்படிக் கண்டுகொள்வது? "குற்றஞ்சாட்டப்படாதவன்" என்று எதை வைத்துச் சொல்வது? எத்தனை மாதம் பார்க்க வேண்டும்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வேதமாணவன் பதில்:

பிரதர், அந்தப் பட்டியலையே இன்னொரு முறை மெதுவாக வாசியுங்கள். மேடையில் தெரியும் திறமை அதில் ஒன்றே ஒன்று: "போதகசமர்த்தன்". மற்றதெல்லாம் வீட்டிலும் தெருவிலும் வேலை பார்க்கிற இடத்திலும் தெரிகிறவை. ஞாயிறு காலை இரண்டு மணி நேர ஆராதனையை வைத்து அவற்றில் ஒன்றைக்கூட அளக்க முடியாது. பாடுகிறவரும் ஜெபிக்கிறவரும் முதலில் நினைவுக்கு வருவது அதனால்தான். நாம் பார்க்கிற இடம் அது ஒன்றுதான்.

அந்தப் பகுதிகளில் மூப்பரைக் குறிக்க வரும் "கண்காணி" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. நம் காதில் அது தேயிலைத் தோட்டத்துக் கங்காணியாக விழுகிறது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் சேர்த்து, முன்பணக் கடனைத் தலையில் ஏற்றி வேலை வாங்கியவர் அவர். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் எபிஸ்கொபோஸ்; கண்ணை எடுக்காமல் பார்த்துக் காப்பவர் என்று பொருள். அப்போஸ்தலர் 20இல் எபேசுவின் தலைவர்களை 17ஆம் வசனம் மூப்பர் என்கிறது, 28ஆம் வசனம் கண்காணிகள் என்கிறது, அவர்கள் வேலையை மேய்ப்பது என்கிறது. ஆள் ஒருவர்தான். மந்தையை விட்டுவிட்டு அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள அங்கே இடமே இல்லை.

இனி பார்க்கும் முறை. "குற்றஞ்சாட்டப்படாதவன்" என்றால் பாவமே செய்யாதவன் அல்ல. சாட்டினால் ஒட்டிக்கொள்ளக்கூடிய குற்றம் இல்லாதவன். ஆகவே ஒட்டக்கூடிய இடங்களைப் பாருங்கள். கைமாற்று வாங்கியதைச் சொன்ன தேதியில் கொடுத்தாரா? சீட்டுப் பணத்தை எடுத்தபின் மீதித் தவணையை ஒழுங்காகக் கட்டினாரா? அப்பா சொத்தைப் பாகம் பிரித்தபோது கூடப்பிறந்த அக்கா தங்கைகளுக்கு என்ன கிடைத்தது? நம் ஊரில் ஒருவருடைய விசுவாசம் பிடிபடும் இடங்களில் பாகப்பிரிவினை முக்கியமானது. கையெழுத்து வாங்க மட்டும் தங்கச்சியைத் தேடிப் போனவரை மூப்பராக்கினால், சபையிலும் அதையே செய்வார்.

"அந்நியரை உபசரிக்கிறவன்" என்பதற்கு ஒரே கேள்வி போதும். கடந்த ஆறு மாதத்தில் சொந்தக்காரரும் சொந்தச் சாதிக்காரரும் அல்லாத யார் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? பெயர் சொல்ல முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அங்கேயே நிதானியுங்கள்.

"அடிக்கிறவனாயிராமல்" என்பதை அவரிடம் கேட்டுப் பயனில்லை. வயதான சகோதரி ஒருவர் அவருடைய மனைவியிடம் தனியாகப் பேச வேண்டும். அவர் கீழ் வேலை செய்கிறவர்களிடமும் கேளுங்கள்: வீட்டு வேலைக்கு வரும் அம்மா, கடைப்பையன், டிரைவர். கோபம் மேல்நோக்கிப் போவதில்லை, கீழ்நோக்கித்தான் பாயும்.

"புறம்பானவர்களால் நற்சாட்சி" என்று இருப்பதால் கிறிஸ்தவர் அல்லாத மூன்று பேரிடம் விசாரிப்பது கட்டாயம். பக்கத்து வீடு ஒன்று, வேலை செய்கிற இடம் ஒன்று, பணம் கொடுக்கல் வாங்கல் உள்ள இடம் ஒன்று.

"நூதன சீஷன்" என்பதை ஞானஸ்நானம் எடுத்த வருஷக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். பவுல் சொன்ன காரணம் பெருமை. 20 வருஷ விசுவாசியும் ஒரு முறைகூடத் திருத்தப்பட்டதில்லை என்றால் நூதனன்தான். கடைசியாக யார் அவரைப் பார்த்து "நீங்கள் செய்தது தப்பு" என்றார்கள், அதற்கு அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

கால அளவு: ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். முதல் மாதம் நான்கு ஞாயிறும் இந்தப் பகுதிகளைச் சபை முழுவதும் படிக்கட்டும். அடுத்த மாதம் பெயர்களை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், காரணத்தோடு. "நல்ல மனுஷர்" என்பது காரணம் ஆகாது. அவர் என்ன செய்ததைக் கண்ணால் கண்டார்கள் என்று எழுத வேண்டும். பிறகு விசாரணை. அதில் தேறியவர்களுக்குப் பட்டம் இல்லாமல் ஆறு மாத வேலை: நோயாளி சந்திப்பு, வீட்டு ஜெபக்கூட்டம், காணிக்கை எண்ணுதல். உதவிக்காரரைப் பற்றி 1 தீமோத்தேயு 3:10 "முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும்" என்கிறது. மூப்பருக்கு அதைவிடக் குறைவாக இருக்க நியாயமில்லை. கடைசியில், கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதுபோல் மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, ஆட்சேபணை இருந்தால் கையெழுத்தோடு தரச் சொல்லுங்கள். மொட்டைக் கடிதத்தை எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகுதான் கைகளை வைத்து ஜெபிப்பது. "ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே" என்று அதே நிருபம் 5:22இல் இருப்பது இந்த வேகத்தைத் தடுக்கத்தான்.

கணக்குப்பிள்ளை பதில்:

வேதமாணவன் அண்ணன் சொன்னதோடு பண விஷயத்தைச் சேர்க்கிறேன். "பண ஆசையில்லாதவன்" என்ற குணத்தை ஆளிடம் தேடுவது சரி. ஆனால் நல்ல ஆளையும் கெடுக்கிற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு தேடக்கூடாது. எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோகையில் பவுல் தனியாகப் போகவில்லை. சபைகள் தெரிந்துகொண்டவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். காரணத்தையும் 2 கொரிந்தியர் 8:20, 21இல் எழுதுகிறார்: ஒருவரும் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருந்து, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய. பவுலுக்கே அது தேவைப்பட்டது.

மூப்பராகப் போகிறவரை முதலில் காணிக்கை எண்ணும் மேஜையில் உட்காரவையுங்கள். ஆராதனை முடிந்த உடனே, பையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய அறை) வைத்தே எண்ண வேண்டும். இரண்டு பேர், இருவரும் ஒரே குடும்பமோ சம்பந்தியோ ஆகக்கூடாது. 500, 200, 100, 50, 20, 10, சில்லறை என்று தனித்தனியாக எத்தனை என்று சீட்டில் எழுதி, கூட்டி, இருவரும் கையெழுத்து. சீட்டு இரண்டு பிரதி: ஒன்று பணத்தோடு, இன்னொன்று எண்ணாத மூன்றாம் நபரிடம். அந்த மூன்றாம் நபர்தான் மாதக் கடைசியில் சீட்டுகளையும் பாங்க் பாஸ்புக்கையும் ஒப்பிட வேண்டும். எண்ணுகிறவரே ஒப்பிட்டால் ஒப்பிட்டதாக அர்த்தமில்லை.

பணம் அப்படியே, ஒரு ரூபாய் குறையாமல், அடுத்த வேலைநாளில் பாங்குக்குப் போக வேண்டும். பெரும்பாலான சபைகளில் கணக்கு கெட ஆரம்பிப்பது இங்கேதான். "சவுண்ட் சிஸ்டம் ரிப்பேர்காரர் நிற்கிறார், பையிலிருந்து 800 கொடுங்க" என்று நல்லெண்ணத்தோடு ஆரம்பிக்கும். வரவும் குறைவாகப் பதியும், செலவும் பதியாது. ஆறு மாதம் கழித்து யாரும் திருடாமலே கணக்கு உதைக்கும். அப்போது சந்தேகம் நல்லவர் மேல் விழும். அவசரத்துக்கு 3,000 ரூபாய் சில்லறைச் செலவுக் கணக்கு தனியாக வைத்து, ரசீது கொடுத்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

கியூஆர் அட்டையைக் கட்டாயம் சரிபாருங்கள். அது சபையின் டிரஸ்ட் அல்லது சங்கத்தின் கணக்குக்குப் போகிறதா, போதகரின் சொந்தக் கணக்குக்கா? சொந்தக் கணக்கு என்றால் அவர் எவ்வளவு நேர்மையானவரானாலும் அந்தப் பணம் அவருடைய வருமானமாகத்தான் தெரியும். இந்த வாரமே மாற்றுங்கள். செக்கில் இரண்டு கையெழுத்து. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய உறவினர் "சபைக்கு அனுப்புகிறேன்" என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் தொடவே கூடாது. பதிவு இருந்தாலும் அந்தப் பணம் புது தில்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். போதகர் கணக்கு வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்கிறவரை மூப்பர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு நுணுக்கம். வாழைத்தார், சேவல், தேங்காய்க் குலை எல்லாம் உற்சாகத்தில் பெரிய தொகைக்குப் போகும்; பாதிப்பேர் "அப்புறம் தருகிறேன்" என்று கடன் சொல்வார்கள். ஏலத் தொகையை அன்றே வரவு என்று எழுதிவிட்டால் கணக்கு பொய்யாகிறது. கையில் வந்ததை மட்டும் வரவில் எழுதி, கடனைத் தனி நோட்டில் பெயரோடு வையுங்கள். அந்த நோட்டில் மூப்பராகப் போகிறவரின் பெயர் எத்தனை வருஷமாக நிலுவையில் நிற்கிறது என்றும் பாருங்கள். ஏலத்தில் சத்தமாகக் கேட்பதும் கொடுப்பதும் வேறு வேறு.

கட்டட நிதிக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எண்ணுகிறவர்களுக்கும் கணக்கருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். தெரிந்தெடுக்கிறவர்கள் அதை அறியவே கூடாது. யாக்கோபு 2இல் பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம் கொடுத்ததும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போதகருக்குச் சம்பளம் நிர்ணயித்து, மாதம் 1ஆம் தேதி பாங்கில் போடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை உயர்த்துங்கள். பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸுக்கு அவர் ஒருவர் தரும் கவரை எதிர்பார்க்கும் நிலையில் இருந்தால், அந்த ஒருவரைக் கண்டிக்க அவருக்கு வாய் வராது. சபை அரைவயிற்றில் வைத்துவிட்டு அவரிடம் தைரியத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

பனைநிழல் பதில்:

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில் கமிட்டி ஓட்டுப்போட்டுத்தான் வருகிறது, விசாரணைக்கு இடமில்லை என்று சிலர் நினைக்கலாம். வேட்பு மனு போடுவதற்கு முன்னாலேயே இந்தக் கேள்விகளைச் சபை பேசலாம். எந்த விதியும் தடுக்கவில்லை. சாதி வாரியாக, தெரு வாரியாக அணி கட்டுவதுதான் ஓட்டைக் கெடுக்கிறது. அப்போஸ்தலர் 6இல் பந்தி விசாரிப்பில் கிரேக்கரின், அதாவது கிரேக்கம் பேசிய யூத விசுவாசிகளின், விதவைகள் விடுபட்டார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. முறையிட்ட பக்கத்து ஆட்களின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்று தெரிகிறது. உங்கள் சபையில் அதிகம் முறையிடுகிற பகுதி எது என்று முதலில் பாருங்கள்.

நம் மண்ணிலிருந்து ஒருவரைப் படிக்க வேண்டுமென்றால் வி.எஸ். அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில், சொந்த ஆட்களை அனுப்ப 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் முன்னின்றவர். ஆறு வருஷம் கழித்து, மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்த அதே மனிதர் தாமே தெலுங்கு நாட்டிலுள்ள தோர்னக்கலுக்குப் போனார், தெலுங்கு கற்றார். 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிமார் நிறைந்த சபையில் நின்று, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்றபோது வயது 38.

எனக்கு முக்கியமாகப் படுவது இதெல்லாம் அல்ல. தோர்னக்கலில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத, ஒடுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள். அவர்களைத் தங்கள் தலைமேல் தாங்களே கைவைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பார். பவுலின் வாக்கை நிலமற்ற கூலிக்காரரின் வாயில் வைத்தார். பொறுப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறவரா, கடைசி ஆள்வரை பிரித்துக் கொடுக்கிறவரா என்று பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

காலைத்தியானம் பதில்:

எசேக்கியேல் 34:4ஐ அப்படியே வேலைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள் சகோதரரே. பலவீனமானவை, நசல்கொண்டவை, எலும்பு முறிந்தவை, துரத்துண்டவை, காணாமற்போனவை. ஐந்தும் ஐந்து விதமான வேலை. சபைப் பதிவேட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எதிரே இவற்றில் எது என்று குறிக்க முடிகிறவர் மேய்ப்பர். "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்கிறவர் இன்னும் வீடுகளுக்குள் போகவில்லை.

90 குடும்பத்தை நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 22 அல்லது 23. வாரம் இரண்டு வீடு போனால் பன்னிரண்டு வாரத்தில் ஒரு சுற்று முடியும். வருஷத்தில் நான்கு முறை. முன்கூட்டியே போன் செய்துவிட்டு, 40 நிமிஷத்துக்கு மேல் உட்காராமல். முதல் 20 நிமிஷம் அவர்கள்தான் பேச வேண்டும். வேதம் ஐந்து ஆறு வசனம் போதும். அங்கே பிரசங்கம் வேண்டாம். இன்னொரு வீட்டுக் கதையை எடுக்கக் கூடாது. கவர் கொடுத்தால் வாங்கக் கூடாது. பெண் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆண் மூப்பர் தனியாகப் போகக் கூடாது. பெண்களை மூப்பராக்காத சபையானாலும் சந்திப்புக் குழுவில் சகோதரிகள் இருந்தே ஆக வேண்டும். பல துக்கங்கள் ஆண்கள் காதுக்கு வருவதே இல்லை.

சாவு வீட்டில் முதல் வாரம் எல்லாரும் இருப்பார்கள். மூன்றாவது வாரமும் ஆறாவது வாரமும் யாரும் இருக்கமாட்டார்கள். அந்தத் தேதிகளை அன்றே டைரியில் எழுதுகிறவரைக் கவனியுங்கள்.

இரகசியம் காப்பதில்தான் நல்லவர்களும் தவறுகிறார்கள். "சிஸ்டருக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஜெபியுங்கள்" என்று வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார்கள். ஜெபக் குறிப்பாக இருந்தாலும் அவரிடம் அனுமதி கேட்காமல் போட்டால் அது வம்புதான். என்ன வார்த்தையில் போடலாம் என்றும் கேட்க வேண்டும்.

இதில் மட்டும் சமரசம் கிடையாது: பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் நடந்ததாகவோ நடக்கலாம் என்றோ தெரிந்தால், "சபைக்குள்ளேயே பேசி முடிப்போம்" என்று சொல்ல மூப்பருக்கு உரிமை இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19இன்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம்; தெரிவிக்காவிட்டால் பிரிவு 21இன்படி தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். ஞாயிறு பள்ளியில் எந்த அறையிலும் ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு தனித்திருக்கக் கூடாது, இரண்டு பேர், கதவு திறந்திருக்க வேண்டும். மூப்பராகப் போகிறவரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள்: குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் மைத்துனர் என்றால் என்ன செய்வீர்கள்? இழுத்துப் பதில் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

ஆலமரத்தடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கியூஆர் அட்டையை நாளைக்கே பார்க்கிறோம். இன்னும் ஒரு சந்தேகம். நியமித்த பிறகு மூப்பர் மேலோ போதகர் மேலோ புகார் வந்தால்? "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று சொல்லிக் கேள்வியையே அடைக்கிறார்கள். அப்புறம், எத்தனை வருஷம் பதவியில் வைப்பது?

வேதமாணவன் பதில்:

அந்த வசனத்தை முழுதாக வாசித்தால் போதும். சங்கீதம் 105இல் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பரதேசிகளாக அலைந்தபோது, அவர்களுக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்று தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டார். பலமுள்ளவரிடமிருந்து நாதியற்றவரைக் காத்த வசனம் அது. அதை எடுத்துப் பலமுள்ளவருக்குக் கேடயமாக்குகிறார்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தார், கலாத்தியர் 2:11. பேதுருவுக்கு அபிஷேகம் குறைந்தா போயிற்று?

புகாருக்கு முறை 1 தீமோத்தேயு 5:19, 20இலேயே இருக்கிறது. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் பிராதை ஏற்காதே. இது ஊழியரை வதந்தியிலிருந்து காக்கிறது. பாவம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள். இது சபையைக் காக்கிறது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிற சபையும் உண்டு, இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிற சபையும் உண்டு. நடைமுறையில்: புகார் எழுத்தில் வரட்டும், ஏழு நாளுக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் போகட்டும், சம்பந்தப்பட்டவர் விசாரணை முடியும்வரை பிரசங்கத்திலிருந்தும் பணத்திலிருந்தும் விலகி இருக்கட்டும், விசாரிப்பவர்களில் ஒருவராவது வெளிச் சபையிலிருந்து வரட்டும். சுயாதீன சபைக்கு மேலே பேராயர் இல்லாததால், இந்த வெளி ஆட்கள் யார் என்று சண்டை வருவதற்கு முன்பே, இப்போதே, மூன்று பெயர்களை எழுதி வையுங்கள். சாட்சி விதி சபை நடவடிக்கைக்குத்தான். காலைத்தியானம் சிஸ்டர் சொன்ன போக்சோ விஷயத்தில் அதைச் சாக்காகச் சொல்லக் கூடாது. அங்கே முதல் நாளே போலீஸ்தான்.

பதவிக்காலம் மூன்று வருஷம் வையுங்கள், பிறகு ஒரு வருஷம் கட்டாய ஓய்வு. நான்கு பேரும் ஒரே நாளில் இறங்கினால் கணக்கும் பதிவேடும் அந்தரத்தில் நிற்கும். அதனால் முதல் முறை மட்டும் இரண்டு பேருக்கு இரண்டு வருஷம், இரண்டு பேருக்கு மூன்று வருஷம் என்று சீட்டுப் போட்டுப் பிரியுங்கள். இறங்குகிறவர் தன் 22 குடும்பத்தையும் புதியவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஒப்படைக்க வேண்டும். அதற்கு மூன்று மாதம் ஆகும். கடைசி மூன்று மாதத்தை அதற்கே ஒதுக்குங்கள்.